ஜாடையும் ஒரு மொழிதான்



மறுமையில் அல்லாஹு தஆலாவின் திருமுன் நால்வர் தங்கள் நியாயத்தை எடுத்துரைப்பார்கள் என்று அஸ்வத் இப்னு ஸரீஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று முஸ்னது அஹ்மதில் உள்ளது. அந்நால்வரில் ஒருவர் காது கேளாதவர். இஸ்லாம் வந்தது, ஆனால் தன் செவிக்கு எதுவும் எட்டவில்லை என்று அவர் முறையிடுவாராம். அவருடைய முறையீட்டை ரப்புல் ஆலமீன் கேட்பான். அவருக்குப் பக்கத்து வீட்டில் நாற்பது வருடம் குடியிருந்தவரிடம், 'நீ ஏன் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை?' என்று கேட்கப்பட்டால் என்ன பதில் இருக்கிறது?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007-இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் நம் மக்கள் நிறைந்து வாழ்கிறார்கள். பள்ளிவாசல்களுக்கும் பயான்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஒலிபெருக்கியை எவ்வளவு கூட்டி வைத்தாலும் எட்டாத ஒருவர் எந்த ஜமாஅத்திலும் இருக்கவே செய்வார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கேட்கும் திறன் குறைந்தோர் 50 இலட்சத்திற்கும் அதிகம். ஏழாம் நாளில் அகீகா கொடுத்து அவருக்கும் அழகிய பெயர் சூட்டியிருப்பார்கள். அது ரேஷன் அட்டையோடு சரி. தெருவில் அவர் 'ஊமை பாய்'தான்.

அவரைப் பார்த்து நம்மவர்கள், 'பாவம், அவருக்கென்ன தெரியும், அல்லாஹ் மன்னித்து விடுவான்' என்று சொல்வதுண்டு. இரக்கம் போலத் தோன்றும் இந்தப் பேச்சு அவரைத் தொழுகையிலிருந்தும் இல்மிலிருந்தும் வெளியே நிறுத்தி விடுகிறது. அவரால் ஓத இயலாத கிராஅத்தை ஷரீஅத் அவர்மீது சுமத்தவில்லை. ஆனால் அறிவுத் தெளிவும் பருவமும் உள்ளவர் தொழுகையை அறிந்து கொண்டால் அது அவருக்கும் கடமையே. அறிவிக்கும் பொறுப்பு யாருடையது?

ஜாடையை அற்பமாக எண்ண வேண்டாம். ஜகரிய்யா (அலை) அவர்களுக்கு அத்தாட்சியாக மூன்று நாட்கள் பேச்சு நிறுத்தப்பட்டு, ஜாடை மட்டுமே விடப்பட்டது. மர்யம் (அலை) அவர்கள் தம்மைப் பழித்த கூட்டத்தாருக்கு மறுமொழி கூறாமல் குழந்தையின் பக்கம் சுட்டிக் காட்டினார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் மாதத்திற்கு இருபத்தொன்பது நாட்களும் உண்டு என்பதை, இரு கை விரல்களையும் மூன்று முறை விரித்து, மூன்றாம் முறை ஒரு பெருவிரலை மடக்கிக் காட்டி விளக்கினார்கள். கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனுக்காகப் பள்ளியில் குரலை உயர்த்தியபோது, பாதியைத் தள்ளி விடும்படி கையாலேயே காட்டினார்கள். அவரும் அப்படியே விட்டுக் கொடுத்தார். தலை நசுக்கப்பட்டு வாய் பேச இயலாமல் கிடந்த சிறுமி ஒருத்தியிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்க, அவளுடைய தலையசைப்பைக் கொண்டே குற்றவாளி பிடிக்கப்பட்டான், அவனும் ஒப்புக்கொண்டான். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தலாக்கிலும் பிற விஷயங்களிலும் ஜாடை செய்வது பற்றித் தனிப் பாடமே அமைத்திருக்கிறார்கள். உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பின் 70-ஆம் விதியோ, பேச இயலாதவரின் வழக்கமான ஜாடை நாவின் பேச்சுக்குச் சமம் என்கிறது.

ஆகவே இளம் ஆலிம்களுக்கு ஒன்று சொல்வோம். ஷஃபானில் மதரஸா விடுமுறை வருகிறதல்லவா? அதில் ஒரே ஒரு வாரத்தை இவர்களுக்கென்று ஒதுக்குங்கள். மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களை ஒத்த வாலிபர்களும் நாயகம் (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கிப் படித்துப் போனார்கள். அவர்களை அனுப்பும்போது, தாம் எப்படித் தொழக் 'கண்டார்களோ' அப்படியே தொழும்படி பெருமானார் பணித்தார்கள். கண்ணால் கற்கும் கல்வி அது.

முதல் மூன்று நாட்கள் போதிக்கப் போகாதீர்கள், படிக்கப் போங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தாயும் பிள்ளையுமாகச் சேர்ந்து உண்டாக்கிய ஜாடைகள் இருக்கும். சோற்றுக்கு ஒன்று, அத்தாவுக்கு ஒன்று, கோபத்திற்கு ஒன்று. அந்தத் தாய்தான் உங்களுக்கு உஸ்தாது. சகோதரிகளிடம் ஆலிமாக்கள் போகட்டும். காதருகே சென்று உரக்கக் கத்துவோர் உண்டு. பக்கத்து வீட்டார் விழித்துக் கொள்வதைத் தவிர அதனால் பலன் இல்லை. எதிரே, முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள்.

பிறகு ஒளூ. உஸ்மான் (ரலி) அவர்கள் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, மக்கள் முன்னிலையில் ஒளூச் செய்தே காட்டினார்கள். அதுபோலச் செய்து காட்டுங்கள். தவ்ஹீதுக்கு அத்தஹிய்யாத்தில் உயரும் ஆட்காட்டி விரல் இருக்கிறது. ஆனால் மறுமை, நிய்யத்து, ஹலாலுக்கான காரணம் ஆகியவை வீட்டு ஜாடைக்குள் அடங்கா. அதற்குச் சிறப்புப் பள்ளிகளில் படித்து முறையான சைகை மொழி அறிந்த, காது கேளாத வாலிபர்களையே தேடிப் பிடிக்க வேண்டும். 2015-இல் டெல்லியில் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதி வெளியிட்டுள்ளது. முன்பெல்லாம் வளைகுடாவிலிருக்கும் அத்தா ஒலிநாடாவில் பேசி அனுப்பினால், வீட்டில் இந்தப் பிள்ளைக்கு மட்டும் அதில் பங்கில்லை. இன்று கைப்பேசித் திரையில் தந்தையும் மகனும் கைகளால் பேசிக் கொள்கிறார்கள். அதே திரையில் மார்க்கமும் வரலாம்.

பிறர் இதைச் செய்யவில்லையா? ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்னும் கிறிஸ்தவ ஊழியப் பெண்மணி 1890-களிலேயே பாளையங்கோட்டையில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் அவர் பெயரால் நடக்கிறது. நம்மவரிலும், மலப்புறம் மாவட்டம் புளிக்கலில் 2018-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலில் ஜுமுஆப் பிரசங்கத்தைச் சைகை மொழியில் திரையில் காட்ட வசதி செய்தார்கள். தப்லீக் இஜ்திமாக்களிலும் காது கேளாதோருக்குத் தனியிடம் ஒதுக்கிக் கைகளால் பயானை விளக்குவதுண்டு.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் முத்தவல்லிகளிடம் பேசுங்கள். குத்பாவுக்கு முந்திய தமிழ் பயானின்போது மிம்பருக்கு அருகில் சைகையில் விளக்குபவர் ஒருவர் நிற்கட்டும். காது கேளாதவர்களுக்கு இமாமைப் பார்க்கும்படியான இடம் கொடுங்கள். ஸஜ்தாவில் தக்பீர் அவர்களுக்குக் கேட்காது. பக்கத்தில் இருப்பவரின் முழங்கை உயர்வதைக் கொண்டுதான் எழுகிறார்கள். ஓரத்தில் தனியே நிறுத்தினால் அதற்கும் வழியில்லை.

நிகாஹ் மஜ்லிஸில் ஒரு வழக்கத்தை உடனே மாற்ற வேண்டும். மாப்பிள்ளை பேச இயலாதவர் என்றால், அவரைப் பொம்மை போல உட்கார வைத்து அண்ணனோ மாமாவோ 'கபூல்' சொல்லி விடுகிறார். மற்றவர்களுக்கு விளங்கும்படியான ஜாடை அவருக்கு இருக்கும்போது, ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் அந்த ஜாடையே அவருடைய கபூல். ஹழ்ரத் அவர்கள் மணமகள் யார், மஹர் எவ்வளவு என்பதை அவருக்குப் புரியும் விதத்தில், தேவைப்பட்டால் தாளில் எழுதியும் காட்டிக் கேட்கட்டும். சாட்சிகள் இருவரும் அவருடைய கையைப் பார்க்கும்படி எதிரே அமரட்டும். அவர் கையை அசைக்கும்வரை மஜ்லிஸ் காத்திருக்கட்டும்.