இரண்டு வசம்பு வளையல்

என் தங்கை மகள் இடது முழங்கைக்குக் கீழே கையில்லாமல் பிறந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தச் சித்திரைப் புழுக்கத்திலும் குழந்தைக்குக் கழுத்துவரை துண்டைச் சுற்றிவைத்திருந்தாள் எங்கள் அம்மா. வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதாம்.

போன வேகத்தில் நான் தங்கையிடம், "கவலைப்படாதடி, இப்பல்லாம் செயற்கைக் கை எவ்வளவோ வந்திருச்சு" என்றேன். அவள் நிமிரவில்லை. "பால் சப்பவே மாட்டேங்கிறாக்கா. எப்படிப் பிடிச்சுக் குடுக்கணும்னு காட்டேன்" என்றாள். மூன்று பெற்றவள் நான். எனக்கல்லவா அது முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

வந்தவர்களெல்லாம் காரணம் தேடினார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாளா, ஸ்கேனில் தெரியலையா, என்ன மாத்திரை போட்டாள்? அம்மாவே பழைய காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு ஐந்தாம் மாதத்தில் கிரகணம் உண்டா என்று துழாவினாள். மாத்திரையைப் பற்றி டாக்டரும் கேட்டார்தான். 1957 முதல் 1961 வரை மேற்கு ஜெர்மனியில் விற்ற தாலிடோமைடு மாத்திரை ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்களைக் குறைத்திருக்கிறது. கேட்காமல் இருக்க முடியாது. அவர் பதிலை எழுதிக்கொண்டு, "உன் மேல தப்பு ஒண்ணுமில்லம்மா" என்றார். வார்டில் கேட்டவர்கள் பதிலுக்கே காத்திருக்கவில்லை.

கரு தரித்த நான்காவது வாரத்தில் மொட்டுப்போல் அரும்புகிற கை, எட்டாவது வாரத்துக்குள் விரல் பிரிந்துவிடுகிறது. இவளுடையது போன்ற கைகள் பெரும்பாலும் அந்த வாரங்களிலேயே நின்றுபோனவை. நாள் தள்ளிப்போய், வீட்டில் சொல்லி, குங்குமப்பூ வாங்கிவருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். இதை அம்மாவுக்கு நாலைந்து முறை சொன்னேன். காலண்டர் பரணுக்குப் போனது.

பிறகு வீடியோக்கள் வரத்தொடங்கின. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு மட்டும் நான்கு பேரிடமிருந்து வந்தார். (அவருக்குக் காலில் அடிபட்டது ஐந்து வயதில், பஸ் மோதி. அது வேறு கதை.) நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனாலும் எட்டு நாள் குழந்தையிடம் பதக்கமா கேட்பது? என் மூத்தவன் பிளஸ் டூ தேறினால் போதுமென்று குடும்பமே வேண்டிக்கொண்டது. இவள் மட்டும் சாதித்தே தீர வேண்டுமா?

தங்கை கணவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பில் கட்டவும் டிபன் வாங்கவும் ஓடிக்கொண்டிருந்தார். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் செயற்கைக் கை விலை பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாழ்வு மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். "உட்காரப் பழகட்டும், ஆறாம் மாத வாக்கில் பார்க்கலாம். அதுவரை அந்தக் கையை மூடாதீங்க, எல்லாத்தையும் தொட்டுப் பழகட்டும்" என்றார். இவர் அதை அப்படியே போனில் குறித்துக்கொண்டார்.

துண்டை முழுதாக எடுத்தது குளிப்பாட்ட வந்த பாட்டி. காலை நீட்டி, குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்தார். திருப்பி, வலக்கையை நீவிய அதே நிதானத்தில் இடக்கையையும் தோளிலிருந்து நுனிவரை நீவினார். குளிப்பாட்டி முடித்ததும் தட்டில் இருந்த இரண்டு வசம்பு வளையல்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் பேசவில்லை. ஒன்றை வலது மணிக்கட்டில் போட்டார். இன்னொன்றின் நூலை அவிழ்த்து, தளர்த்தி, இடது முழங்கைக்கு மேலே கட்டினார்.

"இது வங்கி" என்றார்.

"இறுக்குமா பாட்டி?" என்றாள் தங்கை.

"உன் விரலை விட்டுப் பாரு."