கழற்றிய தோடும் காத்த நோன்பும்

உணர்ச்சி மேலிட்ட பொழுதில் உயர்ந்த செயல் ஒன்றைச் செய்துவிடுவது பலருக்கும் இயலும். கூட்டத்தின் முழக்கமும் காலத்தின் நெருக்கடியும் அச்செயலை நோக்கி ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். முழக்கம் அடங்கி, உடன் நின்றோர் தத்தம் வழியே சென்ற பின்னரும், அன்று எடுத்த உறுதிக்கு ஏற்ப எஞ்சிய நாள்களையெல்லாம் நடத்திச் செல்வதே அரிது. ஆகவே போர்வீரர் ஒருவரின் வாழ்வை மதிப்பிடப் புகுவோர் அவர் படையில் கழித்த மாதங்களை மட்டும் எண்ணினால் போதாது. படை நீங்கிய பின் அவர் வாழ்ந்த ஆண்டுகளையும், அவரை அனுப்பிவைத்த குடும்பம் சுமந்த பாரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கோலாலம்பூரில் 1925ஆம் ஆண்டு வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட ஜானகி தேவர் இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்பவர். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், கோலாலம்பூர் மக்களிடம் விடுதலைப் போருக்கு இயன்றதைத் தருமாறு வேண்டினார். பதினெட்டு வயதேயான ஜானகி தம் காதிலிருந்த பொன் தோடுகளைக் கழற்றிக் கொடுத்தார். மகளின் காதுக்கும் கழுத்துக்கும் பொன் சேர்ப்பதையே பெற்றோர் தம் உழைப்பின் பயனாகக் கருதிய குடிமரபில், வெறுங்காதோடு வீடு திரும்பிய பெண்ணைக் கண்ட வீட்டார், போனது பொன் மட்டுமன்று என்பதை அப்பொழுதே உணர்ந்திருக்க வேண்டும்.

தோட்டைத் தந்ததோடு அவர் நிற்கவில்லை. பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர விழைந்தார். வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. தந்தையாரின் மறுப்பு அனைவரினும் கடுமையாக இருந்தது. அம்மறுப்பில் குற்றம் காண்பது முறையன்று. ஊர் வாழ்த்தும் செயலுக்குக் குடும்பமே விலை கொடுக்கிறது. அவ்விலையை முன்னறிந்தவன் தயங்குவது கோழைமை ஆகாது. ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் காட்டும் தாய், குடும்பத்து ஆடவரை அடுத்தடுத்துப் போரில் இழந்த பின்னரும் ஒரே மகனின் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். அத்தாய்க்கு முன்னோர் வகுத்த வழி ஒன்று இருந்தது. வளர்ந்த மகளைப் படைமுகாமுக்கு அனுப்பும் தந்தைக்கோ அத்தகைய முன்வழி எதுவும் இருக்கவில்லை. நெடிய வற்புறுத்தலுக்குப் பின் அவர் இசைந்தார். தன் அச்சத்தை மகளின் கடமைக்குக் குறுக்கே நிறுத்தாமல் அடக்கிக்கொள்வதும் ஒரு வீரமே. எந்தப் பதக்கமும் அதற்குச் சூட்டப்படுவதில்லை.

அக்காலத்துக் கிள்ளான் பள்ளத்தாக்கை அறிந்தால்தான் அப்படையின் பொருள் விளங்கும். இன்று சிலாங்கூரின் தலைநகராய் அகன்ற சாலைகளோடு விளங்கும் ஷா ஆலம், அன்று சுங்கை ரெங்கம் முதலிய தோட்டங்களாய் ரப்பர்ப் பால்மரம் சூழ்ந்து கிடந்தது. 1941இல் இவ்வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோரின் வழிகாட்டுதலில் எழுந்த வேலைநிறுத்தம், கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. தோட்டத்துத் துரைமார் எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவையும் ஒழிக்கக் கேட்டது. அதற்குக் கிடைத்த விடை துப்பாக்கிச் சூடு. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் கோலாலம்பூரைக் கைப்பற்றினர். அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று; லயத்து வீடுகளிலிருந்து ஆடவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இத்தகைய தோட்டங்களிலிருந்து படைக்குச் சென்றோருள் விடுதலை வேட்கையால் சென்றோரும் உண்டு, பசிக்கு அஞ்சிச் சென்றோரும் உண்டு, சயாமுக்குக் கொண்டுசெல்லப்படாமல் தப்பச் சென்றோரும் உண்டு. காரணங்கள் கலந்திருந்தமையால் அவர்கள் கடமை சிறுமைப்படவில்லை. எதற்காக வாசலில் நுழைந்தோம் என்பதைக் காட்டிலும், நுழைந்த பின் எவ்வாறு ஒழுகினோம் என்பதே மாந்தரின் தரத்தைக் காட்டும்.

சிங்கப்பூரில் 1943 அக்டோபரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. செல்வமாய் வளர்ந்த ஜானகிக்குப் படைவாழ்வின் கடுமை முதலில் ஒத்துவரவில்லை. பால்வெட்டிய கைகளும் ஏட்டைத் தவிர வேறெதையும் ஏந்தாத கைகளும் அங்கே ஒரே துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றன. ஒரே உணவு, ஒரே உடை, ஒரே விடியற்காலை. பிறப்பால் வந்த மேன்மையைக் கழற்றி வைப்பது தோட்டைக் கழற்றுவதைவிடக் கடினம், ஏனெனில் அதை நாள்தோறும் கழற்ற வேண்டியிருக்கிறது. அக்கடினத்தில் தேறியதனால்தான் டாக்டர் லட்சுமி தலைமை தாங்கிய அப்படையில் அவர் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்தார்.

பர்மாவுக்குச் சென்ற அப்பெண்கள் வெற்றி முரசோடு இந்திய எல்லையைக் கடக்கவில்லை. 1944இல் இம்பால் படையெடுப்பு தோற்றது. 1945 ஏப்ரல் 24ஆம் நாள் அவர்கள் நேதாஜியோடு ரங்கூனை விட்டுப் பின்வாங்கினர். வானூர்திகளின் கண்ணுக்குப் படாமல் பகலில் மரங்களிடையே மறைந்தும், இரவில் சேற்றிலும் இருளிலும் நடந்தும், சிட்டாங் ஆற்றைக் கடந்தும் மோல்மீனை நோக்கிச் சென்றனர். பெண்கள் நடக்கையில் தாம் ஊர்தியில் செல்ல நேதாஜி ஒப்பவில்லை. கால் கொப்பளித்தபோதும் உடன் நடந்தார். முன்னேறும் படையில் ஒழுங்கு காப்பது எளிது. வெற்றியின் நம்பிக்கையே வரிசையை நேராக்கும். தோல்வி உறுதியான பின், பார்ப்பார் எவருமற்ற இரவில் வரிசை குலையாது நடப்பதற்கு உள்ளிருந்து வரும் கட்டுப்பாடு ஒன்றே துணை.

இங்கே நேர்மையோடு எண்ண வேண்டியது ஒன்று உண்டு. மோல்மீனிலிருந்து பாங்காக் செல்ல அவர்களை ஏற்றிச் சென்ற தொடர்வண்டி, ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீண்ட அதே சயாம் பாதையில்தான் ஓடியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டு இட்ட பாதை அது. எந்த ஜப்பானிய ஆட்சி தம் இனத்தாரை அங்கே சாகவிட்டதோ, அந்த ஆட்சியின் துணையோடே விடுதலைப் படை நின்றது. இம்முரணை மறைத்துப் புகழ் பாடுவது இறந்தோர்க்குத் தீங்கு. இம்முரணைக் காட்டிப் படையினர் அனைவரையும் பழிப்பது உயிரோடு மீண்டோர்க்குத் தீங்கு. அடிமை நாட்டார்க்குத் தூய துணைவர் வாய்ப்பதில்லை. கறைபட்ட காலத்திலும் தம் கையைக் கறைபடாமல் காத்தவர்களை அதற்குரிய மதிப்போடு நினைப்பதே நடுவுநிலை.

ஜானகியின் படைவாழ்வு இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன் பின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். படை கலைந்து, தலைவரும் மறைந்தார் எனச் செய்தி வந்த பின், வீட்டுக்குள் ஒதுங்கிப் பழம்பெருமை பேசி வாழ்ந்திருக்கலாம். அவரோ இந்தியத் தேசியக் காங்கிரஸ் மலாயாவுக்கு அனுப்பிய மருத்துவக் குழுவோடு இணைந்து பணியாற்றினார். 1946இல் ஜான் திவியின் தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். பின்னர் நாடாளுமன்ற மேலவையிலும் இடம்பெற்றார். அவர் கணவர் ஆதி நாகப்பனும் பொதுவாழ்வுக்கே தம்மை ஈந்தவர். ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அமைந்த அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்று, அம்மன்றங்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தவர். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு ஜானகிக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 2014 மே 9ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். அதே படையில் பதினாறு வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பின்னாளில் ஆசிரியராகி, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவிச் சம ஊதியத்திற்குப் போராடினார். துப்பாக்கியைக் கீழே வைத்த கைகள் கடமையைக் கீழே வைக்கவில்லை.

பெயர் அறியப்பட்ட ஒரு சிலரைத்தான் நூல்கள் ஏந்துகின்றன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் ஷா ஆலத்தின் அடுக்குமாடிகளிலும் வாழும் எத்தனையோ குடும்பங்களில், படையிலிருந்து மீண்ட பாட்டனோ பாட்டியோ வாய் திறவாமலே மறைந்திருக்கின்றனர். தோற்ற படையின் வீரர்க்குப் பேச இடம் தரும் உலகம் அன்று இல்லை. பிள்ளைகளுக்குச் சோறிடும் கவலையே முன்னின்றது. தோட்டங்கள் நகரமானபோது வழிபாட்டிடமும் இடுகாடும் இடம்பெயர்ந்தன. அவற்றோடு நினைவும் சிதறிற்று. எனவே வீட்டு முதியோரிடம் கேட்டறிவதும், கேட்டதை மிகைப்படுத்தாமல் எழுதி வைப்பதும், பெருமைக்குரியதோடு வேதனைக்குரியதையும் விடாது சேர்ப்பதும் வழித்தோன்றல்களின் கடன்.

அக்கடனும் அங்கே முடிவதில்லை. முன்னோரின் தியாகம் நாம் அணிந்துகொள்ளும் அணிகலன் அன்று. நம் மீது விழுந்த பொறுப்பு. இந்நாளில் நம்மை யாரும் போருக்கு அழைக்கவில்லை. ஆயினும் உடன் வாழும் ஏழைக்கு உரிமை மறுக்கப்படும்போதும், உடன் உழைப்பவர் இழிவுபடுத்தப்படும்போதும், இயன்றதைத் தரும்படியான அழைப்பு நம் வாயிலுக்கும் வருகிறது. அன்று தருவதற்கு மனம் வேண்டும். தந்த பின் வாழ்நாள் முழுதும் அதற்கேற்ப நிற்பதற்கு ஒழுக்கம் வேண்டும். இரண்டும் கூடிய வாழ்வே முன்னோர்க்கு நாம் செலுத்தத்தக்க மதிப்பு. அவ்வாறு வாழாத இல்லத்தில் அவர்தம் படத்திற்கு எத்துணை மாலை சூட்டினும் அது மதிப்பாகாது.