மனந்திரும்புதலும் அதன் முதிர்வும்

சமயமாற்றம் என்னுஞ் சொல்லைக் கேட்டவளவில் நம்மவருட் பலர் வெகுளியடைவர். மிஷன் பாடசாலையிற் கல்வி பயின்ற எம்மனோர்க்கு அச்சொல் புதிதன்று. ஆயினும் ஒருவன் ஒரு சமயத்தை விட்டு மற்றொன்றைத் தழுவுதலைப் பற்றி ஈண்டு யாம் ஆராயப் புகுந்திலேம். தான் பிறந்த சமயத்துள்ளே நின்று, தீயொழுக்கத்தினின்று நீங்கி, ஈற்றிற் குருத்துவ ஊழியம் பூண்ட ஒருவரது சரித்திரத்தை முன்னிறுத்தி, மனந்திரும்புதல் ஒரு கணத்தில் நிகழ்வதோ, காலத்தான் முதிர்வதோ, அதன் உண்மையை எதனால் அளத்தல் தகும் என்பனவற்றையே விசாரிக்கின்றேம். பிறசமயத்தார் சரித்திரத்தை எடுத்தல் என்னையெனின், நடுவுநிலையோடு நோக்குவார்க்கு அயலார் வாழ்க்கையுங் கண்ணாடியாம் என்க.

யோன் நியூற்றன் என்பவர் 1725 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் பிறந்தார். பத்தியிற் சிறந்த தாயாரை ஏழு வயது நிரம்புமுன் இழந்தார். தந்தையாரைப் போலக் கடலோடியாகி, தெய்வநிந்தையிலும் துன்மார்க்கத்திலும் கப்பற்காரரும் அஞ்சத்தக்கவராய் வளர்ந்தார். 1748 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வட அத்திலாந்திக் கடலிற் பெரும்புயல் மோதி, அவர் ஏறிய கப்பல் சிதைந்து நீர் புகுந்தது. உயிர் போம் என்று துணிந்த அந்நிலையில் இறைவனை நினைந்து இரங்கினார். கப்பலுங் கரைசேர்ந்தது. அந்நாளை வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1764 இல் இங்கிலாந்துத் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்று, ஒல்னி என்னும் ஊரில் ஏழைகளுக்கிடையே ஊழியஞ் செய்தார். அங்கே அவர் இயற்றிய 'அமேசிங் கிரேஸ்' என்னுங் கீதம் இன்றும் உலகெங்கும் பாடப்படுகின்றது.

இவ்வளவே சொல்லி நிறுத்துவார் பலர். புயலுக்கும் பட்டத்துக்கும் இடையே கழிந்த காலத்தை அவர் ஆராய்வதில்லை. 1750 தொடங்கி 1754 வரை, மனந்திரும்பிய அதே நியூற்றன், அடிமைக் கப்பற்றலைவராய் மும்முறை ஆபிரிக்காவுக்குச் சென்று, மனிதரை விலைக்குக் கொண்டு அத்திலாந்திக்கைக் கடந்தார். ஞாயிறுதோறும் மேற்றட்டிலே மாலுமிகளைக் கூட்டிப் பிரார்த்தனை நடத்தினார். கீழ்த்தட்டிலே ஆடவர் விலங்குண்டு கிடந்தனர். கலகம் எண்ணினர் என்று ஐயுற்றுச் சிறுவர் சிலரது விரலை இருப்புக்கருவியால் நெரிப்பித்ததை, 1752 இல் அவர்தாமே நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1754 இல் அத்தொழிலை விட்டதும் மனச்சான்றின் உறுத்தலால் அன்று; நோயால். அவ்வாணிகத்தின் கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்து நூல் எழுதியது 1788 இல். புயலடித்து நாற்பது ஆண்டு சென்றபின் என்க.

அற்றேல், அவர் மனந்திரும்பியது பொய்யோ எனின், அங்ஙனமன்று. புயலுக்குப்பின் நிந்தை ஒழிந்தது, ஒழுக்கந் திருந்தியது. எனினும் அக்காலத்துத் தாம் முழுமையான விசுவாசியாகவில்லை என்று பின்னர் அவரே எழுதினார். நம் சித்தாந்தநூல்கள் இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமுங் கூறுமிடத்து, சத்திநிபாதத்தையும் நால்வகையாகப் பகுத்துணர்த்தும். பழம் பழுத்தற்குக் காலம் வேண்டுமாறு போல, உயிர் பக்குவமடைதற்குங் காலம் வேண்டும். ஆதலின் அவரை வேடதாரி என்று தள்ளுதல் நீதியன்று.

இனி, அருள் அனைத்தையுங் கழுவிவிட்டது, பழையன பேசவேண்டா என்பாரும் உளர். இதுவும் பொருந்தாது. தலைவனுடைய பக்குவம் மெல்லென முதிருங்கால், கீழ்த்தட்டிற் கிடந்தோர் அதன் விலையைத் தம் உடம்பாற் கொடுத்தனர். காலத்தான் முதிரும் என்னும் உண்மை குற்றஞ்செய்தானை விளங்கிக்கொள்ளுதற்கு உதவும். துன்புற்றானைப் பொறுத்திரு என்று அடக்குதற்கு உதவாது. நியூற்றனும் இதனை அறிந்தார் போலும். 1788 இல் எழுதிய நூலில், தம் அறிக்கை காலந்தாழ்ந்து வந்தது என்றும், தாம் ஒருகாலத்துச் செய்த தொழில் தம் உள்ளத்தை நடுங்கச் செய்கின்றது என்றும் பொருள்பட மறையாது கூறினார்.

அத்துணைக் காலம் அவர் காணாதது யாதுபற்றி? தெய்வநிந்தையை அவர் காலத்து நல்லோர் குற்றமென்று சுட்டினர். அதனை அவர் விரைவில் விட்டார். அடிமை வாணிகத்தைக் கண்ணியமான தொழிலென்று பலரும் மதித்தனர். அதனால் அக்குற்றம் அவர் கண்ணுக்குப் புலப்பட்டிலது. மனந்திரும்பினவன் தன் சுற்றம் பழிக்கும் பாவத்தை முதலில் விடுகின்றான். சுற்றம் பாராட்டும் பாவம் அவனுள் நெடுநாள் தங்குகின்றது.

குருப்பட்டமும் இதற்கு மருந்தாகாது. பட்டம் பெற்றபின்னும் அவர் இருபது ஆண்டுக்கு மேலாக இவ்விஷயத்தில் வெளிப்படப் பேசினாரல்லர். 1785 இல் வில்பர்போர்ஸ் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் ஆன்மவிசாரங் கொண்டு, அரசியலைத் துறக்கலாமோ என்று அவரை நாடிவந்தபோது, இருக்குமிடத்திருந்தே இறைவனுக்குத் தொண்டு செய்க என்று அறிவுறுத்தினார். அவ்வறிவுரையைக் கொண்ட வில்பர்போர்ஸ் பாராளுமன்றத்தில் நின்று போராட, 1807 மார்ச்சில் பிரித்தானியர் அடிமை வாணிகஞ் செய்தலைத் தடுக்குஞ் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நியூற்றன் காலமானார்.

நம் திருநாவுக்கரசர் சரித்திரத்தையும் ஈண்டு நினைத்தல் தகும். தருமசேனர் என்னுந் தலைமையோடு சமணருள் வாழ்ந்தவர், திருவதிகையிற் சூலைநோய் தீர்ந்தபின் மற்றொரு தலைமையை நாடினாரல்லர். உழவாரப்படையைக் கையில் ஏந்தினார். திரும்பிய மனத்துக்குக் கைத்தொண்டே சான்றாயிற்று.

அயலார் குற்றத்தை எண்ணி மகிழ்தற்கு யாம் இதனை எழுதினேமல்லேம். 1968 இல் மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலில், தாழ்த்தப்பட்டோர் உட்புகுந்து வழிபடாதவாறு தடுத்து நின்றார் அயற்சமயத்தாரல்லர், திருநீறணிந்த சைவரே. நிந்தையும் புலாலும் ஒழித்தேம் என்று அமைதியுறும் நம்முள் ஒவ்வொருவரும், தம் பூசை மணியோசை கேட்குந் தூரத்தில் எவர் வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றார் என்று வினாவுதல் வேண்டும். அவ்வினாவை நாற்பது ஆண்டு தள்ளிவையாது இன்றே எழுப்பும் மனத்தைத் திருவருள் நமக்குத் தருவதாக.