கம்பெனிக் கடன் யார் கடன்?

கடன் விஷயத்தில் நம் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை அறியாதவர் நம்மில் இல்லை. மூன்று தீனார் கடன் வைத்துவிட்டு, அதை அடைக்க எதுவும் விட்டுச் செல்லாமல் இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட பிறகே தொழ வைத்தார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. இன்றும் நம் ஊர்களில் மையித்தை அடக்குமுன் வாரிசுகள் முன்வந்து, "கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்பதைக் காண்கிறோம்.

இறந்தவர் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் டைரக்டராக இருந்து, கடன் கம்பெனியின் பெயரில் நின்றால் என்ன செய்வது? "அது கம்பெனிக் கடன், அத்தாவின் கடன் அல்ல" என்று பிள்ளைகள் சொல்லிவிடலாமா?

நாகலாபுரத்தைப் போன்ற ஒரு கரிசல் ஊரை எண்ணிப் பாருங்கள். அது மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசியும் பருத்தியும் மிளகாயும் விலையானால்தான் சம்சாரி கையில் காசு புரளும். அவரிடம் சரக்கு எடுக்கும் வியாபாரி, நேற்றுவரை தம் பெயரில் நடத்திய கடையை இன்று லிமிடெட் கம்பெனியாக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரும் அவர் மனைவியும் டைரக்டர்கள். சம்சாரி பத்து மூட்டை மிளகாயைத் தவணைக்குப் போட்டுவிட்டுப் போகிறார். அவர் நம்பியது பெயர்ப் பலகையை அல்ல, முதலாளியின் முகத்தை. கம்பெனி நொடித்தால் அவர் யாரிடம் போவார்?

சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்த ஆரன் சாலமன் என்பவர் 1892இல் தம் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். பங்குதாரர்கள் அவரும், அவர் மனைவியும், ஐந்து பிள்ளைகளுமே. 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மறு ஆண்டே கம்பெனி முறிந்தது. ஈடு இல்லாமல் சரக்குக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று 1896இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நாட்டுக் கம்பெனிச் சட்டமும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. முதல் மட்டும் போட்டு, நிர்வாகத்தில் தலையிடாத பங்காளிக்கு நஷ்டம் அவர் போட்ட முதலோடு நிற்கும் என்பதை முளாரபா வியாபாரத்தில் ஷரீஅத்தும் ஏற்கிறது. ஆனால் தொழிலை நடத்துபவர் வரம்பு மீறினாலோ அலட்சியம் காட்டினாலோ பொறுப்பு அவர் தலையில் விழும். கம்பெனி முறையை ஆராய்ந்த பாகிஸ்தான் அறிஞர் முஃப்தி தகீ உஸ்மானி அவர்கள், பொதுமக்கள் பங்கு வாங்கும் பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சலுகையை ஏற்கலாம் என்ற கருத்தை ஆய்வுக்காக முன்வைத்தார்கள். ஆனால் சில பேர் சேர்ந்து நடத்தும் பிரைவேட் கம்பெனிக்கு அது பொருந்தாது, அன்றாட விவகாரம் அறிந்தவர்கள் கடனுக்கும் பொறுப்பாளிகளே என்றார்கள். இதில் மாற்றுக் கருத்துள்ள அறிஞர்களும் உண்டு.

சட்டமும் இந்தத் திரையைச் சில இடங்களில் தானே விலக்குகிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், பிரைவேட் கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வரியை டைரக்டர்களிடமே வசூலிக்க 179ஆம் பிரிவில் வழி செய்தது. தம் மீது கடுமையான அலட்சியமோ கடமைத் தவறோ இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர்களுக்கே. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தியவர்களை, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 339ஆம் பிரிவு வரம்பின்றிப் பொறுப்பாக்குகிறது. 1990களில் நம் மாநிலத்தில் பல நிதி நிறுவனங்கள் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் மூடிக்கொண்டபோது, 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனத்தின் சொத்து போதாவிட்டால் டைரக்டர்களின் சொத்தையும் முடக்க அது இடம் தருகிறது. 2011இல் சுப்ரீம் கோர்ட் அச்சட்டத்தை உறுதி செய்தது.

நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோர்ட் சாட்சியத்தைத் தேடுகிறது. ஆனால் அல்லாஹ்விடம் சாட்சி தேவையில்லை. கம்பெனி எழாது என்று தெரிந்த பின்னும் சம்சாரியிடம் சரக்கு வாங்கியவர், தொழிலாளியின் கூலியில் பிராவிடண்ட் ஃபண்டுக்கென்று பிடித்த பணத்தைக் கட்டாமல் செலவழித்தவர், கம்பெனிப் பணத்தை வீட்டுக்கு மாற்றிவிட்டுக் கையை விரித்தவர் ஆகியோரைச் சட்டத்தின் ஓட்டை தப்பவிடலாம். ஆனால் அது ஒருவருடைய ஹக்கு, அமானிதம். 'லிமிடெட்' என்ற சொல் அதை ஹலாலாக்கிவிடாது. "என் முகத்தைப் பார்த்துத்தானே கொடுத்தார்?" என்று ஒவ்வொரு டைரக்டரும் தம் மனத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆம் என்றால், அதைத் தம் கடனாகவே எண்ணி அடைக்க முயல்வதுதான் பேணுதல்.

அதே நேரத்தில், மழை பொய்த்தோ விலை சரிந்தோ நாணயமாக நஷ்டப்பட்டவரை மோசடிக்காரரோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படியும், விட்டுக்கொடுப்பது மேலானது என்றும் அல்பகரா அத்தியாயம் போதிக்கிறது. கடன் கொடுத்தவருக்கும் இதில் கடமை உண்டு.

நம் வீடுகளுக்கும் சில வார்த்தைகள். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பதால் மனைவியிடமோ மகனிடமோ கையெழுத்து வாங்குவது நடக்கிறது. கையெழுத்திடுபவர் எதற்கு இடுகிறோம் என்று கேட்டறிவது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. கம்பெனி வாங்கும் கடனுக்கு டைரக்டர் சொந்த ஜாமீன் கொடுத்தால் அங்கே திரை ஏதும் இல்லை; மார்க்கத்திலும் ஜாமீன் நின்றவர் பொறுப்பாளிதான். அத்தகையவர்கள் மீது திவால் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2021இல் சுப்ரீம் கோர்ட்டும் கூறியிருக்கிறது. எனவே டைரக்டராக இருப்பவர்கள், தாம் நின்ற ஜாமீனையும், தம்மை நம்பிக் கொடுத்தவர்களின் பாக்கியையும் எழுதி, வீட்டார் அறிய வைக்கட்டும். தம் நிலையில் எது கடன், எது கடனல்ல என்ற ஐயம் எழுந்தால், கணக்கை மறைக்காமல் ஆலிம்களிடம் காட்டித் தெளிவு பெறட்டும்.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக நம்மை மவுத்தாக்காமல், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.