மெதுவா இறக்குங்க!

பிரீமியர் பத்மினி ஞாபகம் இருக்கிறதா? 2023-ல் மும்பை டாக்ஸி ஸ்டாண்டுகளிலிருந்தும் விடைபெற்ற கார். அதன் முன்பக்க காயில் ஸ்பிரிங்கைக் கழற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. சக்கரத்தைக் கழற்றினாலும் ஸ்பிரிங் அழுந்தியபடிதான் இருக்கும். லோயர் ஆர்முக்கு ஜாக்கி கொடுக்காமல் போல்ட்டை எடுத்தால், சீறிப் பாய்ந்து ஆளையே சாய்த்துவிடும். ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால், அதே ஸ்பிரிங் சாதுவாகக் கைக்கு வரும்.

'மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிடுவேன், அதான் நேர்மை' என்று பெருமைப்படுகிறவரா நீங்கள்? பத்து வருஷம் அடக்கிவைத்த கோபத்தை ஒரே நொடியில் மனைவி மேல் கொட்டுவது நேர்மையா? சொன்னதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அதனால் காயம் வலிக்காதா என்ன?

அப்போ கோபமே கூடாதா? புது ஸ்பிரிங்கையும் அழுத்தித்தான் மாட்டுகிறார்கள். அழுந்தியிருப்பதால்தான் அது வண்டியைத் தாங்குகிறது.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு குறையை மட்டும் சொல்லிப் பாருங்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்!