பிடி அரிசிக் காணிக்கையும் சபை ஐக்கியமும்

கிறிஸ்தவ சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கங்கள் கூடி ஜெபிப்பதையும் அறப்பணிக்கு நிதி திரட்டுவதையும் ஒருங்கே மேற்கொள்வதால், இவற்றுள் எது மற்றதற்குக் கருவி என்னும் இறையியல் வினா எழுகிறது. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய ‘புஹ்ஃபாய் தாம்’, அதாவது பிடி அரிசிக் காணிக்கை, இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன், குடும்பத்துக்கென அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனிக் கலத்தில் சேர்க்கப்படுகிறது. பெண்கள் வீடுதோறும் சென்று திரட்டும் அவ்வரிசி விற்கப்பட்டு, ஊழியம் எனப்படும் சமயப்பணிக்குப் பயன்படுகிறது.

மாற்கு நற்செய்தியில் ஏழை விதவையின் இரண்டு காசுகளை இயேசு உயர்த்திப் பேசுவதற்குக் காரணம், அவள் தன் வறுமையிலிருந்து கொடுத்தாள் என்பதே. பிடி அரிசி இக்கருத்தை மேலும் விரிக்கிறது: கையில் காசில்லாத பெண்ணும் அடுப்படியில் தனக்குள்ள பொறுப்பைக் கொண்டே கொடையாளி ஆகிறாள், செல்வர் வீட்டுப் பிடியும் வறியவர் வீட்டுப் பிடியும் ஒரே கூடையில் கலந்தபின் பிரித்தறிய இயலாதவை ஆகின்றன. ஆகவே, ஏற்றத்தாழ்வின்றி அனைவரும் கொடுக்கும் இச்செயலிலேயே ஐக்கியம் உருப்பெறுகிறது எனலாம். திரண்ட தொகையை மட்டும் கணக்கிட்டுக் கொடுத்த கைகளை மறக்கும் சபை, தன் உண்மையான செல்வத்தை இழந்துவிடும்.