கடமையின் எல்லையும் சாட்சியின் எல்லையும்

செய்தால் போற்றத்தக்கதாகவும் செய்யாவிட்டால் பழிக்க இடமில்லாததாகவும் அமையும் செயலைக் ‘கடமைக்கு மிஞ்சிய நற்செயல்’ என்று அறவியலார் வகைப்படுத்துவர். கத்தோலிக்க இறையியல் நெடுங்காலமாக ஏற்றுவந்த இக்கருத்தை இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளில் 14-ஆவது கொள்கை செருக்கு என்றே கண்டிக்கிறது. மனிதன் இறைவனுக்குச் செலுத்த வேண்டியதற்கு மேலாக எதையும் செலுத்திவிட முடியாது என்பது அதன் வாதம். அத்திருச்சபையின் தலைமையை ஏற்றுள்ள அதே முடியாட்சிதான் கடமைக்கு மிஞ்சிய துணிவைப் போற்றி 1856 முதல் விக்டோரியா கிராஸ் என்னும் உயரிய வீரப் பதக்கத்தையும் வழங்கி வருகிறது என்பது சிறிய முரண் அன்று.

இரண்டாம் உலகப் போரில் அப்பதக்கம் பெற்ற நார்மன் ஜாக்சன், பிரிட்டிஷ் விமானப் படையின் 106-ஆம் பிரிவில் விமானப் பொறியாளர். ஏழு பேர் பறக்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் விமானிக்குப் பக்கத்தில் இருந்து, நான்கு எஞ்சின்களின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் எரிபொருள் இருப்பையும் கணந்தோறும் கவனிப்பவரே விமானப் பொறியாளர். 30 பறப்புகள் கொண்ட தமது பணிச்சுற்றை அவர் ஏற்கெனவே முடித்திருந்தார். எனினும் அவற்றுள் ஒன்றை வேறொரு குழுவோடு பறந்திருந்ததால், தம் குழுவினர் அவர்களுடைய சுற்றை முடிக்கும்வரை உடனிருக்க வேண்டும் என்று தாமே முன்வந்து மீண்டும் புறப்பட்டார். கடமைக்கு மிஞ்சிய செயல் அந்த முடிவிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் பதக்கம் அதற்காக வழங்கப்படவில்லை.

1944 ஏப்ரல் 26 இரவு, பந்துத் தாங்கித் தொழிற்சாலைகள் நிறைந்த ஜெர்மானிய நகரமான ஷ்வைன்ஃபுர்ட்டின் மீது குண்டுகளைப் போட்டுவிட்டு விமானம் மேலேறிக்கொண்டிருந்தபோது எதிரி விமானம் தாக்கியதில் இறக்கையில் தீப்பற்றியது. காலிலும் தோளிலும் சிதறல்கள் பாய்ந்திருந்த ஜாக்சன், தீயணைப்புக் கருவியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஏறத்தாழ 20,000 அடி உயரத்தில், மணிக்கு 200 மைல் வேகத்தில் செல்லும் விமானத்தின் கூரை வழியே வெளியேறினார். அவருடைய பாராசூட் விமானி அறைக்குள்ளேயே விரிந்துவிட, தோழர்கள் அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டனர். அவரோ இறக்கையின் முன்விளிம்பிலுள்ள காற்றுத் துளையைப் பற்றித் தொங்கினார். கருவி கைநழுவிப் போயிற்று, தீ அணையவில்லை, முகமும் கைகளும் கருகி, எரியும் பாராசூட்டோடு அவர் கீழே விழுந்தார். விமானியும் வால்புறத் துப்பாக்கி வீரரும் இறந்தனர், மற்றவர்கள் சிறைப்பட்டனர்.

பலனை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்க்கு இது முற்றிலும் தோற்றுப்போன முயற்சி. அத்தோல்வியை மறைக்காமலேயே பதக்கம் வழங்கப்பட்டது என்பதால், இங்கே மதிக்கப்பட்டது விளைவு அன்று, துணிந்த உள்ளமே என்று கொள்ளலாம். ஆயினும் துணிவு எந்நோக்கத்துக்குத் துணைநின்றாலும் அறமாகிவிடுமா என்ற வினா எஞ்சுகிறது. நீதியற்ற செயலில் துணிவு அறப்பண்பாக இயங்குவதில்லை என்று மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட் வாதிட்டார். நகரங்களைக் குண்டுவீசி அழிப்பதை ஆயர் ஜார்ஜ் பெல் 1944 பிப்ரவரியில் பிரபுக்கள் அவையிலேயே எதிர்த்திருந்தார். எனினும் ஜாக்சன் இறக்கையை நோக்கி ஊர்ந்தபோது குண்டுகள் போய்விட்டிருந்தன. அக்கணத்தில் அவர் நாடியது ஆறு பேரின் உயிர் மட்டுமே. குண்டுவீச்சின் நியாயத்தை அவர் செயல் நிலைநாட்டுவதும் இல்லை, அதன் குற்றம் அவர் செயலைக் கறைப்படுத்துவதும் இல்லை.

இதைவிடக் கடினமானது சாட்சி பற்றிய வினா. சிறைமீண்ட தோழர்கள் சொன்னதால்தான் இச்செயல் வெளியே தெரிந்து, 1945 அக்டோபரில் பதக்கம் அறிவிக்கப்பட்டது. நற்செயலை மறைவில் செய்யுமாறும், மறைவில் உள்ளதைக் காணும் தந்தை அதற்குக் கைம்மாறு அளிப்பார் என்றும் மத்தேயு நற்செய்தி கற்பிக்கிறது. அரசுக்கு அந்தப் பார்வை இல்லை. அப்போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுக் கட்டளையகத்தில் மாண்ட 55,573 பேருள் பலர், குழுவில் ஒருவரும் மிஞ்சாத விமானங்களில் போனவர்கள். அவற்றினுள் நிகழ்ந்தவற்றைச் சொல்ல வாயில்லை. சொல்ல ஆள் இருந்த இடத்திலும், அதிகாரி அல்லாத வான்படையினருக்குரிய சிறப்புப் பறப்புப் பதக்கத்தை இறந்தவருக்கு வழங்க அக்கால விதிகள் இடங்கொடுக்கவில்லை.